வீட்டிற் பயின்ற மாணாக்கன்
(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய விரிவுரை)



சென்ற கூட்டத்தில் நம் கல்விக் குழுவினர் எம்மிடத்து ஒரு பணியை ஒப்புவித்தனர். நம் குலத்து நெசவாளர் ஒருவர் தம் மகனை எட்டாம் வகுப்போடு பள்ளியினின்று நிறுத்தி, வீட்டிலேயே வைத்து உயர்நிலைப் பள்ளிப் பாடங்களைப் பயிற்றுவித்து வருகின்றார். அவர் சங்கத்தின் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பஞ் செய்துகொண்டபோது, பள்ளியிற் பயிலும் மாணாக்கர்க்கே உதவி என்னும் நம் விதி குறுக்கே நின்றது. சிலர் கொடுக்கலாம் என்றனர். சிலர் கூடாது என்றனர். ஒருவர் மட்டும், "படிப்பு என்று பெயர் சொல்லிப் பையனைக் கோர்வை இழுக்க வைத்திருக்கின்றார்" என்று வெளிப்படையாகவே கூறிவிட்டார். அவ்வாறு கூறியவரும், கூறப்பட்ட தந்தையாரும் இன்று இவ்வவையில் உள்ளனர். ஆதலின் யாம் கண்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லுதல் கடமையாகின்றது.

பையனுக்கு வயது பதினைந்து. பெயர் கூறோம். அவனைப் பள்ளியினின்று நிறுத்திய காரணம் வறுமையன்று; மதியின்மையும் அன்று. அவனுக்குத் திக்குவாய் உண்டு. வகுப்பில் எழுந்து நின்று படிக்குங்கால் முதலெழுத்திலேயே நா தடைப்படும். உடன் பயில்வார் நகைப்பர். ஒருநாள் கற்பித்தவரும் உடன் நகைத்தாராம். அன்று மாலை வீடு சென்றவன் மறுநாள் புத்தகப் பையைத் தொடவில்லை. அவன் அன்னையார் பட்டம் பெற்றவர். "நானே கற்பிக்கின்றேன்" என்று அவர் முன்வந்தார். முதலாண்டு ஒருவாறு கழிந்தது. ஆராய்தற்கு உரியது இரண்டாம் ஆண்டே.

எவ்வழியிற் பயின்றான் என்பதை முதலில் விளக்குதல் வேண்டும். ஏனெனில் வீட்டில் இருந்து படித்தாற் சான்றிதழ் ஏது என்று பலர் எம்மை வினவினர். நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் 1979-இல் ஒரு முயற்சியாகத் தொடங்கிய திறந்தநிலைப் பள்ளி, 1989-இல் தனி நிறுவனமாயிற்று. இன்று அது தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் எனப்படும். பதினான்கு வயது நிரம்பியோர் அதன்கண் பத்தாம் வகுப்பு நிலைக்குப் பதிவு செய்துகொள்ளலாம். மொழி ஒன்றேனும் உட்பட ஐந்து பாடங்களில் தேர்தல் வேண்டும். நூற்றுக்கு 33 பெற்றால் தேர்ச்சி. ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் மே திங்களிலும் அக்டோபர் நவம்பர் திங்களிலும், பரீட்சை நிகழும். ஐந்தாண்டுக்குள் ஒன்பது முறை எழுத வாய்ப்புண்டு. எல்லாப் பாடங்களையும் ஒரே முறையில் எழுதவேண்டுவதில்லை. இம்மாணாக்கன் தமிழ், கணிதம், அறிவியல் மூன்றையும் முதலில் எழுதினான். ஆங்கிலமும் சமூக அறிவியலும் அக்டோபர்ப் பருவத்திற்கு நிற்கின்றன. கணிதத்தில் 81, தமிழில் 68, அறிவியலில் 54.

இவ்விடத்துக் கணிதமேதை இராமானுஜன் நினைவுக்கு வருகின்றார். 1904-இல் கும்பகோணத்துக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர், கணிதம் ஒன்றிலேயே ஆழ்ந்து பிற பாடங்களைக் கைவிட்டமையால் அவ்வுதவித்தொகையை இழந்தார். இப்பையனை அப்பெருமகனாரோடு ஒப்பிடுகின்றோம் அல்லோம். யாம் சொல்ல வந்தது, பாடம் பாடமாக எழுதும் வழி இக்காலத்தார்க்கு வாய்த்தது ஒரு நற்பேறு என்பதே.

மதிப்பெண் ஒருபுறம் இருக்க, யாம் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அவன் இல்லம் சென்று பாடந்தோறும் வினவினோம். குறிப்பேடுகள் அனைத்தையும் வாங்கிப் படித்தோம்.

கணிதக் குறிப்பேடே எம்மை மிகவும் மகிழ்வித்தது. வடிவொத்த முக்கோணங்கள் என்னும் பாடத்தைப் படித்தவன், மார்கழி நண்பகலில் நான்கடிக் கோல் ஒன்றை எடுத்துக்கொண்டு ஏகாம்பரநாதர் கோயிலுக்குச் சென்றிருக்கின்றான். கோலின் நிழல் மூன்றடி. 1509-இல் கிருஷ்ணதேவராயர் எடுப்பித்த தெற்கு இராச கோபுரத்தின் நிழலைச் சுவரின் அடியிலிருந்து நுனிவரை அளந்து, மூன்றிற்கு நான்கு என்று பெருக்கினான். விடை 150 அடிக்கும் குறைவாக வந்தது. நூல்களோ ஏறக்குறைய 190 அடி என்று கூறும். பிழை எங்கே என்று மூன்று நாள் தேடியிருக்கின்றான். ஏட்டில் அம்மூன்று நாளும் அடித்தலும் திருத்தலுமாகவே இருக்கின்றன. நான்காம் நாள் எழுதியிருப்பதாவது: கோபுரத்தின் உச்சி சுவருக்கு நேர்மேலே இல்லை, நடுவில் இருக்கிறது, ஆகவே நிழலை நடுவிலிருந்து அளக்கவேண்டும், சுவரின் கனத்திற் பாதியைக் கூட்டவேண்டும். கூட்டியபின் 188 அடி வந்தது. அன்பர்களே! யாம் பணிபுரியும் பள்ளியிற் கணித ஆசிரியர்க்கு இவ்வேட்டைக் காட்டினோம். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "நாற்பத்தைந்து நிமிடத்தில் மணி அடித்துவிடுகிறதே, நான் என்ன செய்வேன்?" என்றார். பிழையோடு மூன்று நாள் வாழ்வதற்கு வீட்டிலே இடமுண்டு, பள்ளியில் இல்லை. இதனை ஒரு பள்ளி ஆசிரியராகிய யாமே கூறுகின்றோம்.

அறிவியலில் நிலைமை வேறு. பட்டு நூலைச் சாயம் ஏற்றுமுன் சவர்க்காரமும் சோடாவும் இட்ட வெந்நீரிற் கொதிக்கவைத்து, இயல்பாயமைந்த பசையைப் போக்குவது நம் வீடுகளில் நாளும் நிகழ்வது. இவன் 400 கிராம் நூலைக் கொதிக்குமுன்னும், காய்ந்த பின்னும் நிறுத்து, 304 கிராம் நின்றது, நூற்றுக்கு 24 பங்கு பசை கழிந்தது என்று எழுதி, அப்பசை யாது, அஃது ஏன் வெந்நீரில் மட்டும் கரைகின்றது என்று ஆராய்ந்திருக்கின்றான். மஞ்சள் நீர் சவர்க்கார நீர்பட்டுச் சிவப்பதையும் காரத்தோடு பொருத்தி விளக்குகின்றான். இவை நன்று. ஆயினும் வெங்காயத் தோலின் உயிரணுவை உருப்பெருக்கியின் வழி அவன் தன் கண்ணாற் பெரிதும் கண்டானல்லன். பரீட்சைக்கு முன் பயிற்சி மையத்தில் நடந்த தொடர்பு வகுப்பில் ஒரே ஒரு முறை வரிசையில் நின்று எட்டிப் பார்த்ததோடு சரி. ஆடியின் குவியத்தூரம் கணக்கிடுவான். ஆடியைக் கையில் ஏந்திச் சுவரில் உருவம் வீழ்த்தச் சொன்னால் திகைக்கின்றான். 54 என்னும் எண் பொய் கூறவில்லை. ஆய்வுக்கூடம் என்பது வீட்டிற் கட்டக்கூடியது அன்று.

ஆங்கிலத்தைப் பற்றி நீளப் பேசவேண்டுவதில்லை. படித்தால் விளங்குகின்றது, எழுதினால் இலக்கணம் பிழைக்கின்றது, பேச ஆளில்லை. சமூக அறிவியலில், பெங்களூர்ப் பக்கத்துப் பட்டும் சூரத்துச் சரிகையும் நம் தெருவுக்கு வரும் வழியைத் தேசப்படத்தில் வரைந்திருந்தான். 1804-ஆம் ஆண்டளவில் பிரான்சு தேசத்து லியோன் நகரில் ஜக்கார்டு என்பார் செய்த பொறியே தன் வீட்டுத் தறியின்மேல் இருக்கும் பெட்டி என்பதையும், அவ்வட்டைத் துளைகளைக் கண்டே பாபேஜ் என்னும் ஆங்கிலேயர் தம் கணக்குப் பொறிக்கு வழி கண்டார் என்பதையும் கண்ணில் ஒளியோடு எழுதிக் காட்டினான். அரசமைப்பைப் பற்றிய பாடமோ வெறும் நெட்டுரு. கேள்வியைச் சற்றே மாற்றினால் விடையில்லை. அக்டோபருக்குள் அதனைத் திருத்துதல் கூடும்.

இனித் தமிழ். இஃது எம் துறையாதலின் சற்று விரித்துரைத்தால் பொறுத்தருள்க.

பையனுடைய உரைநடை தெளிவானது. ஆனால் ஒற்று மிகுதலில் ஒரு விநோதம் கண்டோம். இரண்டாம் வேற்றுமை உருபின்பின் வல்லினம் மிகும் என்று கற்றவன், அவ்விதியின் இனிமையில் மயங்கி, காணும் இடமெல்லாம் ஒற்றைப் பெய்து, ஊறுகாயை 'ஊறுக்காய்' ஆக்கிவிட்டான். வினைத்தொகையில் மிகாது என்னும் பகுதி அவன் அன்னையார்க்கும் தெரிந்திலது. நூல் ஒன்றையே துணையாகக் கொண்டு தனியே பயில்வார்க்கு இது நேரும். விதி முழங்கும், விலக்கு ஒளிந்துகொள்ளும். வகுப்பறையில் ஆயின் பக்கத்து மாணாக்கனின் பிழையிலிருந்தும் ஒருவன் கற்றுக்கொள்வான். இவனுக்குத் தன் பிழையன்றி வேறு பிழை கிட்டவில்லை!

யாப்பில் ஆர்வம் மிகவுடையன். மாமுன் நிரையும், விளமுன் நேரும், காய்முன் நேரும் வரவேண்டும் என்னும் வெண்டளை விதியைக் கணக்குப் போலவே பிடித்துக்கொண்டு, தானே ஒரு வெண்பா இயற்றியிருந்தான். தளை எங்கும் பிழைக்கவில்லை. ஈற்றுச் சீர் மட்டும் கூவிளமாக நின்றது. நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கனுள் ஒன்றாலேயே வெண்பா முடியும் என்று கூறினோம். சற்றே எண்ணிப் பார்த்துத் தானே திருத்தினான்.

அதன்பின் நிகழ்ந்ததே யாம் இங்கு முக்கியமாகக் கூற விரும்புவது. அப்பாட்டைப் படி என்றோம். முதற்சீரில் நா நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது, கண் கலங்கிற்று. யாம் ஒன்றும் பேசாமல், பழைய திண்ணைப் பள்ளி முறையில் எம் செய்யுள் ஒன்றை இசையோடு ஓதத் தொடங்கினோம். இரண்டாம் முறை அவனும் உடன் ஓதினான். மூன்றாம் முறை யாம் நிறுத்திவிட்டோம், அவன் நிறுத்தவில்லை. பின்னர்த் தன் வெண்பாவையும் அவ்வோசையிலேயே ஒரு தடையும் இன்றி ஓதி முடித்தான். திக்குவாயர் பலர் பாடுங்கால் தடையின்றிப் பாடுவர் என்பதும், பிறரோடு ஒருங்கு ஓதுங்கால் தடை குறையும் என்பதும் பேச்சுப் பயிற்சி மருத்துவர் நன்கறிந்த செய்தி. எமக்கோ அன்றுதான் கண்ணாரத் தெரிந்தது.

இதனைக் கண்டபோது எம் உள்ளம் மகிழ்ந்தது என்று மட்டும் கூறினால் அது பாதி உண்மையே. பல்லாண்டுகளுக்கு முன் எம் வகுப்பிலேயே இத்தகைய சிறுவன் ஒருவன் இருந்தான். செய்யுள் ஒப்புவித்தற்கு மதிப்பெண் உண்டு. யாம் அவனை நிறுத்திவைத்து, "நேரமாகிறது, சொல்" என்று மேசையைத் தட்டுவோம். யாம் நகைத்தோம் அல்லோம். ஆயினும் நகைத்தவரை அடக்கினோமும் அல்லோம். அவன் அரையாண்டுப் பரீட்சைக்குப் பின் வரவில்லை. குடும்பம் வேற்றூருக்குப் போயிற்று என்றார்கள், யாமும் நம்பிக்கொண்டோம். அவன் வீட்டுக் கதவை ஒருநாள் தட்டியிருந்தால், யாதாயிருக்கும் என்பதை இப்போது எண்ணிப் பயனில்லை.

நிற்க. தறியைப் பற்றிய குற்றச்சாட்டிற்கு வருவோம்.

அன்னையார் நாள்தோறும் பாடநேரத்தை ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்திருக்கின்றார். யாம் கேட்டவுடன், ஒளிக்காமல் எடுத்துக் கொடுத்தார். பெரும்பாலான நாட்களில் நான்கு மணி நேரம் பாடம். ஆனால் ஐப்பசியில் தீபாவளிக்கு முன் பதினான்கு நாட்களிலும், தை மாத முகூர்த்தங்களை ஒட்டிப் பதினொரு நாட்களிலும், 'தறி' என்ற ஒரே சொல்தான் உள்ளது. ஆக இருபத்தைந்து நாள். கோர்வைப் புடவைக்குக் கரையும் உடலும் வெவ்வேறு நிறமாதலின் மூன்று நாடா ஓடவேண்டும்; நெய்பவர் ஒருவராற் கூடாது; மறுபக்கத்து நாடாவை வாங்கித் தர ஒரு துணை வேண்டும். அத்துணை பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையே என்பதை நம்மிடம் யார் வந்து சொல்லவேண்டும்? இம்மன்றத்தில் அமர்ந்திருக்கும் முதியோருட் பலர் அந்தப் பக்கத்துப் பலகையில் அமர்ந்தே படிப்பை விட்டவர்கள் அல்லரோ?

சட்டம் யாது கூறுகின்றது? 1986-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டபின், பதினான்கு வயது நிரம்பாதாரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது. அபாயமற்ற குடும்பத் தொழிலிற் பள்ளி நேரம் போக எஞ்சிய நேரத்திலும் விடுமுறையிலும் துணைசெய்வது மட்டும் குற்றமன்று. கட்டாயக் கல்விச் சட்டமும் ஆறு முதல் பதினான்கு வயது வரையே பேசும். இவனோ பதினைந்து வயதினன். சட்டப்படி தந்தையார்மேற் குற்றமில்லை. எனினும் யாம் அவரை ஒன்று கேட்டோம்: பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்குப் பள்ளி விட்ட நேரம் என்று ஒன்றுண்டு, பள்ளியே இல்லாத பிள்ளைக்கு அந்நேரம் எது? வீடே பள்ளியும் வீடே தொழிற்சாலையும் ஆகுங்கால், இடையிலுள்ள சுவரை எழுப்ப வேண்டியவர் யார்? அவர் நெடுநேரம் தலைகுனிந்திருந்து, "தவணைக்கு ஆள் கிடைக்கவில்லை, ஐயா" என்றார். அது பொய்யன்று. அன்றியும், அந்த இருபத்தைந்து நாளை மறைக்காமல் எழுதிவைத்த குடும்பம் ஏமாற்றுக் குடும்பம் அன்று. ஆதலால் இருதிறத்தாரும் ஓரளவு மெய்யே கூறினர். பையன் படித்ததும் உண்மை, நாடா வாங்கித் தந்ததும் உண்மை.

இன்னும் ஒரு குறை உண்டு. அது தறியினும் பெரிது. வீட்டில் இருந்து கற்றல் நமக்குப் புதிதன்று எனச் சிலர் சாமிநாதையரை எடுத்துக்காட்டுவர். அப்பெரியாரின் தந்தையார் ஆசிரியர் இருக்குமிடம் தேடி ஊர் ஊராகக் குடிபெயர்ந்தார் என்பது 'என் சரித்திரம்' படித்தார் அனைவரும் அறிந்ததே. ஆனால் அவர் மகனைத் தம் வீட்டினுள் வைத்துக்கொண்டிலர். அரியிலூரிற் சடகோபையங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார், முடிவில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை என ஒருவரிடமிருந்து ஒருவரிடம் சேர்ப்பித்தார். அங்கே உடன் பயில்வாரும் இருந்தனர். நன்னூலார் கணக்கு ஒன்று சொல்வார்: ஆசான் உரைத்ததை நன்கு கொண்டாலும் கல்வியிற் காற்பங்கே சேரும், உடன்பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு கால், எஞ்சிய இருகாலும் பிறர்க்கு எடுத்துரைப்பதால் வரும். இக்கணக்கின்படி இம்மாணாக்கனுக்கு இதுவரை வாய்த்தது முதற் கால் மட்டுமே. அதனை அன்னையார் குறைவின்றி அளித்திருக்கின்றார். மற்ற மூன்று காலும் அவர் வீட்டிற்கு வெளியே உள்ளன. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஒத்த வயதுத் தோழன் ஒருவனும் இல்லை என்பதை, யாம் நான்கு ஞாயிறும் சென்றபோது ஒருவனும் அவ்வீட்டுப் படியேறாமையாற் கண்டோம்.

குழுவினர் எம் கருத்தைக் கேட்டனர், கூறுகின்றோம். விதியில் 'பள்ளியிற் பயிலும்' என்பதனை நீக்கி, அரசு ஏற்ற பரீட்சைக்குப் பயிலும் என்று அமைத்தல் வேண்டும். தொகையை முழுதும் இப்போதே கொடாமல், பாதி இன்றும், பாதி அக்டோபர்ப் பரீட்சை எழுதிய பின்னும் கொடுத்தல் நலம். ஐப்பசி மாதத்திற் கோர்வைக்கு ஆள் கிடைக்காத இல்லங்களுக்குச் சங்கத்தின் வழியே ஆள் பார்த்துத் தருதல் கூடுமாயின், இவ்வொரு பிள்ளைக்கு மட்டுமன்றி வேறு பல பிள்ளைகளுக்கும் அது பயன்படும். இதனைக் கூட்டுறவுச் சங்கத்து அன்பர்கள் ஆலோசித்தல் வேண்டும். பதினோராம் வகுப்பிற்கு அவன் பள்ளிக்கே செல்லுதல் வேண்டும் என்பது எம் துணிபு. தந்தையார் இசைந்தார், அன்னையார் இன்னும் இசையவில்லை. அவர் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. அக்காரணத்தை நீக்கவேண்டியவர் எம்மனைய ஆசிரியரே. அவரை நெருக்குதல் முறையன்று.

இடையே ஒரு சிறு ஏற்பாடு செய்துள்ளோம். நம் சங்க வாசகசாலையில் ஞாயிறுதோறும் மாலையிற் சிறுவர் சிலர் கணக்குப் பாடத்திற்கு வருகின்றனர். அவர்களுக்கு இவன் கரும்பலகையில் எழுதிக் கற்பித்து வருகின்றான். இரண்டு வாரம் ஆயிற்று. முதல் வாரம் ஒரு சொல்லும் பேசவில்லை, எழுதியே காட்டினான். இரண்டாம் வாரம் ஒரு சிறுமி, "அண்ணா, ஏன் பாதியைக் கூட்டினீர்கள்?" என்று கோபுரக் கணக்கைக் கேட்க, விடை சொல்ல ஐந்து நிமிடம் ஆயிற்று. அப்பிள்ளைகள் காத்திருந்தனர்.

அவன் இப்போது வெளியே திண்ணையில் அமர்ந்திருக்கின்றான். தன் வெண்பாவை இவ்வவையில் ஓதத் தானே இசைந்து வந்துள்ளான், யாம் வற்புறுத்தவில்லை. ஓதுங்கால் தடை இராது என்று எண்ணுகின்றோம். ஆனால் முதலில் அவைக்கு வணக்கம் சொல்வான்; அஃது உரைநடை. அதில் நா நிற்கக்கூடும். நின்றால், அன்பர்களே, ஒருவரும் அவனுக்காக அச்சொல்லைச் சொல்லி முடிக்க வேண்டா. கீழே பார்க்கவும் வேண்டா. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு சற்றுப் பொறுத்திருங்கள். தலைவர் அவர்கள் அனுமதித்தால் அவனை உள்ளே அழைக்கின்றோம்.